பூட்டிய கதவும் பழுதுபார்க்கும் உரிமையும்: உரோம நகர்க் குடியிருப்பிலிருந்து மலையக லயம் வரை

வீடொன்றை வாடகைக்குக் கொடுத்தவர், அதில் வாழ்பவர் வெளியே சென்றிருக்கும் வேளையில், கூரை ஒழுகுகின்றது என்றோ சுவர் வெடித்துள்ளது என்றோ காரணங்காட்டி அதனுள் நுழையலாமா? அயலவர் இருவரின் சச்சரவுக்கு மேற்படாத சிறிய வினாவாகவே இது தோன்றும். ஆயின் சொத்துரிமையின் வரலாற்றில் இவ்வினா தொடும் இடம் சிறியதன்று. சுவரும் கூரையும் ஒருவருக்குச் சொந்தமாயிருக்க, அவற்றுள் உண்டு உறங்கும் வாழ்வு இன்னொருவருக்குரியதாயிருக்கும் நிலையே வாடகை உறவாகும். சுவரைத் திருத்துவதற்கு அதற்குரியவர் உள்ளே வரவேண்டும். அவர் உள்ளே வருந்தோறும் மற்றவரின் வாழ்வு திறந்து காட்டப்படுகின்றது. இவ்விரு நலன்களுக்கும் இடையே எல்லையை வகுத்தவர் யார், எக்காரணம் பற்றி வகுத்தனர், அவ்வெல்லை எவருக்குப் பாதுகாப்பளித்தது, எவரை வெளியே நிறுத்தியது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியை உரோம நகரிலிருந்து தொடங்குவதற்குக் காரணமுண்டு. இலங்கையில் வாடகை பற்றிய பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டமாகும். அதன் வேர்கள் உரோமச் சட்டவறிஞரின் கருத்துரைகளிற் கிடக்கின்றன. எனவே கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாடகைக்குக் குடியிருப்பவரின் கதவுக்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உரோம மாடிக்குடியிருப்பின் கதவுக்கும் இடையே நேரடியான மரபுத் தொடர்பு ஒன்றுள்ளது. அதே மரபு ஆட்சி செய்த இதே நாட்டில், மலையகத் தோட்டங்களின் லயக் காம்பராக்களுக்கு அது ஏன் எட்டவில்லை என்பது இக்கட்டுரை எழுப்பும் முதன்மையான வினாவாகும்.

1. உரோம நகரின் மாடிக்குடியிருப்புகள்

அகுஸ்தசு காலத்து உரோம நகரின் மக்கள்தொகை பத்து இலட்சத்தை அண்மித்திருந்தது என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடாகும். இம்மக்களுட் பெரும்பாலோருக்குச் சொந்த வீடிருக்கவில்லை. அவர்கள் 'இன்சுலா' எனப்பட்ட மாடிக்கட்டடங்களில் வாடகைக்கு வாழ்ந்தனர். கீழ்த்தளத்திற் கடைகளும் மேற்றளங்களில் 'செனாக்குலம்' எனப்பட்ட குடியிருப்புப் பகுதிகளும் அமைந்திருந்தன. உரோமத்தின் துறைமுகமாகிய ஒஸ்தியாவில் இன்றும் காணப்படும் செங்கற் கட்டடங்களின் இடிபாடுகள் இவ்வமைப்பினை நன்கு விளக்குகின்றன. எனினும் ஒஸ்தியாவின் கட்டடங்கள் பிற்பட்ட காலத்தன, உறுதியானவை. அவற்றுக்கு முற்பட்ட உரோமக் கட்டடங்களுட் பல மரச்சட்டங்களாலும் மண்கற்களாலும் அவசரத்தில் எழுப்பப்பட்டவை. நெருப்பும் இடிந்து வீழ்தலும் அந்நகரின் அன்றாட அச்சங்களாயிருந்தன.

கி.மு. 44இல் சிசரோ தம் நண்பர் அத்திக்குசுக்கு எழுதிய கடிதமொன்றில், தமக்குச் சொந்தமான கடைகள் இரண்டு இடிந்து வீழ்ந்ததையும் ஏனையவை வெடித்து நிற்பதையும் குறிப்பிட்டு, குடியிருந்தோரோடு எலிகளும் வெளியேறிவிட்டதாகக் கேலி பேசுகின்றார். அத்தோடு நில்லாது, இவ்விழப்பையே இலாபமாக மாற்றும் மறுநிர்மாணத் திட்டமொன்று தம்மிடமிருப்பதாகவும் கூறுகின்றார். உடைமையாளனுக்கு இடிந்த சுவர் முதலீட்டுக்குரிய ஒரு வாய்ப்பு. குடியிருப்பவனுக்கு அது உயிராபத்து. பழுதுபார்த்தல் என்னும் ஒரே செயலை இரு வர்க்கத்தினரும் எவ்வாறு வெவ்வேறாக நோக்கினர் என்பதற்கு இக்கடிதம் சிறந்த சான்றாகும்.

அரசும் இதிற் தலையிட வேண்டியதாயிற்று. அகுஸ்தசு கட்டடங்களின் உயரத்தை 70 உரோம அடிக்குட்படுத்தினார்; திராசான் அதனை 60 அடியாகக் குறைத்தார். கி.பி. 6இல் 'விகிலெசு' எனப்பட்ட தீயணைப்பு, இராக்காவற் படை நிறுவப்பட்டது. நகரின் 14 பகுதிகளுக்கும் 7 அணிகள் ஒதுக்கப்பட்டன. இப்படையின் தலைவருக்குத் தீவைப்போர், கன்னமிடுவோர், திருடர் ஆகியோரை விசாரிக்கும் அதிகாரமிருந்தது. குடியிருப்போர் மேல்மாடியில் தண்ணீர் வைத்திருக்குமாறு எச்சரிப்பதும் அவருடைய கடமையாயிருந்தது. நம் ஆராய்ச்சியில் இவ்வதிகாரி மீண்டும் வருவார்.

உடைமையாளருக்கும் குடியிருப்போருக்கும் இடையே இடைத்தரகர் ஒரு படியினர் இருந்தனர் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒருவர் கட்டடம் முழுவதையும் குத்தகைக்கு எடுத்து, அதன் பகுதிகளைப் பலருக்கு வாடகைக்கு விடுவார். சட்டவறிஞர் அல்பேனுசு எடுத்துக்கொண்ட உதாரணத்தில், 30க்குக் கட்டடத்தைப் பெற்றவர் அதனைப் பகுதி பகுதியாக விட்டு 40 திரட்டுகின்றார். நுழைவுரிமை பற்றிய சட்டச் சிந்தனை தொடங்குவது இத்தகைய இலாபக் கணக்கிலிருந்தேயாகும்.

2. சட்டவறிஞரின் விடைகள்

யுசுத்தினியன் காலத்தில், கி.பி. 533இல், வெளியிடப்பட்ட 'டைசெசுற்று' என்னும் சட்டத்தொகுப்பின் 19ஆம் நூலின் இரண்டாம் தலைப்பு வாடகையும் கூலியும் பற்றியது. நம் வினாவுக்குத் தொடர்புடைய கருத்துகள் அதிலே பலவுள. அவற்றுட் காலத்தால் முந்தியன கி.மு. முதலாம் நூற்றாண்டினரான அல்பேனுசுவின் கருத்துகளாகும்.

குடியிருப்பவர் தம் பகுதியைச் சற்றுக் குறைந்த வசதியோடு பயன்படுத்த நேர்ந்தவுடனேயே வாடகையிற் கழிவு கோரலாகாது என்பது அவர் கருத்து. எதிர்பாராத தேவையால் உடைமையாளர் ஏதேனும் ஒரு பகுதியை இடிக்க வேண்டிவரின், அதனாலாகும் சிறு இடையூற்றைக் குடியிருப்பவர் தாங்கவேண்டும் என்னும் நிபந்தனை வாடகை உறவிலேயே அடங்கியுள்ளது. ஆயின் இதற்கோர் எல்லையுண்டு. குடியிருப்பவர் பெரிதும் பயன்படுத்தும் பகுதியையே உடைமையாளர் திறந்துவிடுவாராயின் இவ்விதி பொருந்தாது. அதாவது, திருத்த வேலைக்கு இடங்கொடுத்தல் குடியிருப்பவரின் கடமை. அக்கடமையின் அளவு அவருடைய வாழ்வின் பயன்பாட்டால் வரையறுக்கப்படுகின்றது.

முற்கூறிய 30, 40 உதாரணத்தில் அல்பேனுசு மேலும் ஒரு படி செல்கின்றார். கட்டடம் பழுதுற்றதெனக் கூறி உடைமையாளர் அதை இடித்துவிட்டார். இழப்பீடு எவ்வளவு? அது உண்மையிலேயே பழுதுற்று, இடித்தல் தவிர்க்கமுடியாததாயிருந்தால், குடியிருக்க இயலாதுபோன காலத்துக்குரிய வாடகையை 30 என்னும் அடிப்படையில் விகிதப்படி கழித்தாற் போதும். இடிக்கவேண்டிய தேவையின்றி, மேலும் சிறப்பாகக் கட்டும் விருப்பத்தால் இடித்திருந்தால், குடியிருந்தோர் வெளியேறாதிருந்தாற் குத்தகையாளர் அடைந்திருக்கக்கூடிய நலன் முழுவதையும் உடைமையாளர் ஈடுசெய்யவேண்டும். தேவைக்கும் விருப்பத்துக்கும் இடையிலான இவ்வேறுபாடே பின்னெழுந்த சட்டங்கள் அனைத்திலும் ஊடுருவிச் செல்லும் கோட்பாடாகும். பழுது என்பது உடைமையாளரின் வாய்ச்சொல்லால் நிறுவப்படுவதன்று. அது வெளியிலிருந்து ஒருவர் மதிப்பிடத்தக்க உண்மையாதல் வேண்டும்.

கி.பி. 214இல் கரகல்லா மன்னர் விண்ணப்பமொன்றுக்கு அளித்த மறுமொழி இக்கோட்பாட்டை விதியாக்குகின்றது. வாடகையை முழுமையாகச் செலுத்திய ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றலாகாது. மூன்று சந்தர்ப்பங்களே இதற்கு விலக்கு: வீடு தம் சொந்தத் தேவைக்கு அவசியமென உடைமையாளர் நிறுவுதல், வீட்டைத் திருத்த அவர் விரும்புதல், குடியிருப்பவர் வீட்டைத் தீயமுறையிற் பயன்படுத்தியிருத்தல். திருத்துதல் இங்கு வெளியேற்றுதற்கே காரணமாக அமைவதையும் கவனித்தல் வேண்டும். அல்பேனுசு விதித்த தேவை என்னும் அளவுகோல் இங்கு சற்றுத் தளர்ந்துள்ளது. பழுதுபார்த்தலைச் சாட்டாக வைத்துக் குடியிருப்பவரை அகற்றும் வழி, பாதுகாப்பளிக்கும் அதே விதிக்குள்ளேயே திறந்திருந்தது எனலாம்.

குடியிருப்பவர் இல்லாதபோது நுழைதல் என்னும் வினாவுக்கு மிக அண்மையில் வருவது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பவுலுசுவின் கருத்தாகும். மேலே குறிப்பிட்ட காவற்படைத் தலைவரின் கடமைகள் பற்றி அவர் எழுதிய தனிநூலிலிருந்து அது தொகுப்பிற் சேர்க்கப்பட்டுள்ளது. வாடகைக்கு எடுத்தவர்கள் நீண்டகாலம் தோன்றாதிருந்து, அக்காலத்துக்குரிய வாடகையையும் செலுத்தாதிருந்தால், களஞ்சியங்களினதும் மாடிக்கட்டடங்களினதும் உடைமையாளர் அவ்வறைகளைத் திறந்து உள்ளிருப்பவற்றைப் பட்டியலிட விரும்புவர். அத்தகையோரின் கோரிக்கையை அதற்குரிய பொது அதிகாரிகள் கேட்டல் வேண்டும். இதற்கென இரண்டாண்டுக் காலம் அனுசரிக்கப்படவேண்டும் என்கிறார் பவுலுசு.

இவ்விதியின் கூறுகளைப் பிரித்து நோக்குதல் பயனுடையது. முதலாவது, உடைமையாளர் தாமாகக் கதவைத் திறக்கவில்லை. பொது அதிகாரியை நாடுகின்றார். இரண்டாவது, காத்திருக்கவேண்டிய காலம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளது. மூன்றாவது, திறப்பதன் நோக்கம் பட்டியலிடுதல்; உள்ளிருப்பவற்றை வாரிக்கொள்ளுதலன்று. வாடகையும் தராது ஆளும் தோன்றாத நிலையிற் கூட ஒருவரின் கதவுக்கு இவ்வளவு நியமம் விதிக்கப்பட்டதெனின், வாடகையை ஒழுங்காகச் செலுத்திவிட்டு வேலைக்குச் சென்றிருப்பவரின் கதவு அதனினும் குறைந்த மதிப்புடையதாக இருந்திருக்க முடியாது என நாம் அனுமானிக்கலாம்.

இதனைக் கருணையின் வெளிப்பாடெனக் கொள்ளுதல் தவறாகும். குடியிருப்பவர் வீட்டுக்குள் கொண்டுவந்த பொருள்கள் வாடகைக்கு ஈடாக உடைமையாளருக்குக் கட்டுப்பட்டிருந்தன. அதேவேளை, நகர மாந்தர் தம் செல்வத்தின் பெறுமதிமிக்க பகுதியைக் களஞ்சியங்களிலும் மாடிக்கட்டடங்களிலுமே வைத்திருந்தனர். உடைமையாளர் தம் விருப்பப்படி கதவுகளைத் திறக்கத் தொடங்கினால், எது உரிமை, எது களவு என்று பிரித்தறிதல் காவலருக்கே இயலாதுபோகும். சொத்துடையோர் இரு சாராரின் நலன்கள் மோதுமிடத்து அரசு நடுவில் நின்றது. பொது அதிகாரி கதவருகில் நிறுத்தப்பட்டதன் வரலாற்றுக் காரணம் இதுவேயாகும்.

3. கதவுக்குரியவர் யார்?

மேற்கூறிய கருத்துகளைக் கொண்டு உரோமம் குடியிருப்போரின் சொர்க்கமாயிருந்தது என முடிவுசெய்யலாகாது. உரோமச் சட்டத்தில் வாடகைக்காரருக்கு வீட்டின்மீது உடைமை இருக்கவில்லை. அவர் மூலமாக உடைமையாளரே அதனை ஆட்கொண்டிருப்பதாகக் கருதப்பட்டது. உடைமையாளர் அவரை வெளியே தள்ளினால், ஒப்பந்தத்தின்பேரில் இழப்பீடு கோரலாமேயன்றி வீட்டை மீளப்பெற இயலாது. வீடு விற்கப்பட்டால் புதிய சொந்தக்காரர் அவரை அகற்றலாம்.

அன்றியும், சட்டவறிஞரின் உதாரணங்களில் வருவோர் வழக்காட வசதி படைத்தோராவர். நாட்கூலியிலிருந்து ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்தவர் நீதிமன்றத்தை நாடிய செய்தியை அங்கே காண்டலரிது. இன்னும் கொடியது அடிமைகளின் நிலை. வாடகை நிலுவைக்கு ஈடாகத் தடுத்துவைக்கப்படக்கூடிய பொருள்களுள் அவர்களும் அடங்கினர். அவ்வாறு தடுத்துவைக்கப்பட்ட அடிமைகளைச் சாளரத்தின் வழியாக விடுதலை செய்யலாம் என்று வழிகாட்டிய நெர்வா என்னும் சட்டவறிஞர் பரிகசிக்கப்பட்டதாக 'டைசெசுற்று' குறிப்பிடுகின்றது. ஒரே அறைக்குள் இருந்த இருவரில் ஒருவர் ஒப்பந்தக்காரர். மற்றவர் அவ்வொப்பந்தத்துக்குப் பிணையான பொருள். கதவு முதலாமவருக்கே உரியது.

ஆகவே உரோமச் சட்டம் நமக்கு விட்டுச்சென்ற மரபு இருகூறானது. தேவை, வரையறுத்த காலம், பொதுச்சாட்சி என்னும் மூன்றும் இல்லாமல் மற்றொருவரின் கதவைத் திறக்கலாகாது என்பது ஒரு கூறு. வாடகை ஒப்பந்தத்துக்கு உரியவராக ஏற்கப்படாதவருக்குக் கதவே இல்லை என்பது மறுகூறு. இலங்கையின் நகரங்களுக்கு முதற்கூறும் தோட்டங்களுக்கு மறுகூறும் வந்துசேர்ந்தன.

4. இலங்கைக்கு வந்த மரபு

ஒல்லாந்தில் உரோமச் சட்டம் உள்ளூர் வழக்கங்களோடு கலந்து மாற்றமடைந்தது. குரோசியசு சிறையிருந்த காலத்தில் எழுதி 1631இல் வெளிவந்த சட்ட அறிமுக நூலும், 1698க்கும் 1704க்கும் இடையில் வெளிவந்த வூட்டின் பேருரையும் இக்கலப்பின் முதன்மையான ஆவணங்களாகும். வீடு விற்கப்பட்டால் வாடகை முறியும் என்ற உரோம விதி அங்கே தலைகீழாக மாற்றப்பட்டு, விற்பனையினும் வாடகை முந்தும் என்ற கோட்பாடு நிலைபெற்றது. வணிக நகரங்களில் வாடகைக்குக் கடையும் வீடும் வைத்திருந்த நடுத்தர வகுப்பாரின் வளர்ச்சியே இம்மாற்றத்தின் பின்னணி எனலாம். வாடகைக்கு விட்டதைப் பயன்படத்தக்க நிலையிற் பேணுதலும், வாடகைக்காரரின் அமைதியான அனுபவத்துக்கு இடையூறு செய்யாதிருத்தலும் உடைமையாளரின் கடமைகளெனக் கொள்ளப்பட்டன. இக்கடமைகள் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. பேணுவதற்கு உள்ளே வரவேண்டும். அமைதியைக் குலைக்காதிருக்க வெளியே நிற்கவேண்டும்.

பிரித்தானியர் 1796இல் ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றி, 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அங்கு வழங்கிய சட்டங்கள் தொடருமென அறிவித்தனர். இவ்வாறு உரோமன் டச்சுச் சட்டம் இந்நாட்டில் நிலைத்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக எழுதப்படவேண்டுமென விதித்தது. உறுதி எழுதும் செலவைத் தாங்கமுடியாத சாதாரண குடியிருப்பாளர் இதனால் மாத வாடகைக்காரராகவே இருக்கவேண்டியவராயினர். ஒரு மாத அறிவித்தலில் வெளியேற்றப்படக்கூடியவர், ஒழுகும் கூரையைப் பற்றியோ முன்னறிவித்தலின்றி உள்ளே வந்த சொந்தக்காரரைப் பற்றியோ வாய்திறந்து முறையிடுவது எளிதன்று.

இந்நிலையை மாற்றியது இரண்டாம் உலக யுத்த காலத்து வீட்டுத் தட்டுப்பாடாகும். 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமும், அதற்குப்பின் 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும் வெளியேற்றுதலை வரையறைக்குட்படுத்தின. வாடகை நிலுவை, சொந்தக்காரரின் நியாயமான சொந்தத் தேவை, வீட்டைப் பழுதாக்குதல் அல்லது அயலாருக்குத் தொல்லை விளைத்தல் போன்ற காரணங்களன்றி, வாடகைச் சபையின் அனுமதியில்லாமல் வழக்குத் தொடர இயலாதாயிற்று. இவற்றைக் கரகல்லாவின் மறுமொழியோடு ஒப்பிடுபவருக்கு ஒற்றுமை உடனே புலப்படும். வேற்றுமையும் அங்கேயே உள்ளது. வீட்டைத் திருத்தும் விருப்பம் என்னும் காரணம், சபையின் அனுமதியை வேண்டாத இவ்விலக்குகளுள் இடம்பெறவில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் நகர வாடகைக்காரரின் நிலையை மேலும் உறுதியாக்கின.

இங்கிலாந்தின் வளர்ச்சியும் ஒப்புநோக்கத்தக்கது. தொழிலாளருக்கு வாடகைக்கு விடப்படும் வீடு மனிதர் வாழ்தற்குத் தகுதியுடையதாயிருத்தல் வேண்டும் என 1885இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகுதியை வாடகைக் காலம் முழுவதும் பேணும் பொறுப்பைச் சொந்தக்காரர்மீது சுமத்தியதோடு, 24 மணிநேர எழுத்து அறிவித்தல் கொடுத்துப் பகல்வேளையில் நியாயமான நேரத்தில் வீட்டைப் பார்வையிடும் உரிமையையும் அவருக்கு அளித்தது. இங்கு நுழைவுரிமை சொத்துரிமையின் பகுதியாக வரவில்லை. திருத்தும் கடமையின் துணையாகவே வந்துள்ளது. கடமை இருக்குமிடத்து மட்டுமே நுழைவுக்கு நியாயமுண்டு என்பது இதனாற் பெறப்படும். இந்த அளவுகோலைக் கைக்கொண்டு இனி மலையகத்தை நோக்குவோம்.

5. லயம்: வாடகையில்லா வீடு

கோப்பிப் பயிர்ச்செய்கையின் விரிவோடு, 1830களிலும் 1840களிலும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கென வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளே லயங்களாகும். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் அவை நிரந்தரக் குடியிருப்புகளாயின. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான ஒரு காம்பராவும் அதன்முன் ஒடுங்கிய இஸ்தோப்பும் ஒரு குடும்பத்தின் உலகமாயிற்று.

இக்காம்பராவுக்கு வாடகை கிடையாது. மேலோட்டமாக நோக்குவோர் இதனைத் துரைமாரின் தாராளமெனக் கருதலாம். சட்டத்தின் பார்வையில் அதன் விளைவு வேறாகும். உரோமன் டச்சுச் சட்டப்படி, பொருள், அதற்குரிய வாடகை, இருவரின் இணக்கம் ஆகியவை சேர்ந்தே வாடகை ஒப்பந்தத்தை ஆக்குகின்றன. வாடகை இல்லையேல் வாடகைக்காரரும் இல்லை. அவரில்லாதபோது அமைதியான அனுபவம், வெளியேற்றற் கட்டுப்பாடு, வாடகைச் சபை ஆகிய யாவும் இல்லை. தொழிலாளியின் குடியிருப்பு அவரது உழைப்பு ஒப்பந்தத்தின் ஒட்டாக நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவ்வுழைப்பு ஒப்பந்தத்தை மீறுதலே தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட்ட நாளில் வேலையோடு வீடும் போயிற்று. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டமை இப்பின்னணியில் பொருள் நிறைந்ததாகும்.

லயத்தைப் பேணும் கடமை எவருக்கும் இருக்கவில்லை எனக் கூறமுடியாது. 1912ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதார நிலையிற் பேணுதலைத் தோட்ட அதிகாரியின் கடமையாக்கியது. ஆயின் அக்கடமை அரசுக்குச் செலுத்தவேண்டிய கடமையாகவே வகுக்கப்பட்டது. நோய் பரவினால் உழைப்புப் படை குறையும் என்னும் கவலையே அதன் ஊற்றாகும். காம்பராவில் வாழ்பவர் அதனைத் தமக்குரிய உரிமையாகக் கேட்க வழியிருக்கவில்லை.

தோட்டத்தின் நாளொழுங்கு இங்கு கருத்திற் கொள்ளத்தக்கது. விடியுமுன் பிரட்டுக்குச் சென்ற ஆணும் பெண்ணும் மாலையில்தான் திரும்புவர். குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் விடப்படுவர். அதாவது, பகல் முழுவதும் லயத்தின் குடியிருப்பாளர் 'வெளியே சென்றிருப்பவரே'. அவ்வேளையில் துரையோ அவரது ஆளோ லயத்தைப் பார்வையிட வந்தால் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டிய கடப்பாடு எச்சட்டத்திலும் இருக்கவில்லை. கூரைத் தகரத்தை மாற்ற வந்தவரும், யார் வேலைக்கு வரவில்லை என்று பார்க்க வந்தவரும், யாருடைய விருந்தாளி உள்ளே தங்கியுள்ளார் என்று அறிய வந்தவரும் ஒரே கதவால் நுழையலாம். இங்கிலாந்தின் தொழிலாளிக்கு 1909இல் கிடைத்த 24 மணிநேர அறிவித்தல், அதே பேரரசின் தேயிலைத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. திருத்தும் கடமையிலிருந்து பிரிக்கப்பட்ட நுழைவு கண்காணிப்பாகவே முடியும்.

6. அத்துமீறியவர் யார்?

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு, மற்றொருவரின் இருப்பிலுள்ள ஆதனத்துள், குற்றம் புரியும் நோக்குடனோ அங்கிருப்பவரை அச்சுறுத்த, அவமதிக்க, தொல்லைப்படுத்தும் நோக்குடனோ நுழைதலையும் தங்கியிருத்தலையும் குற்றமாக்குகின்றது. ஒருவரின் கதவைப் பாதுகாப்பதற்கு உகந்த இப்பிரிவு, தோட்டங்களிற் கதவுக்குள் வாழ்ந்தவருக்கு எதிராகத் திரும்பியது. லயம் சட்டப்படி தோட்ட அதிகாரியின் இருப்பிலுள்ளதென்றும், வேலையிலிருந்து நீக்கப்பட்டபின் அதிலே தங்கியிருப்பவர் அவரைத் தொல்லைப்படுத்துகின்றார் என்றும் வாதிக்கப்பட்டது. பிறந்து வளர்ந்த காம்பராவிலேயே ஒருவர் அத்துமீறியவரானார்.

1946இல் கேகாலை மாவட்டத்து நேவிஸ்மியர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்காக அரசால் எடுக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அவர்கள்மீது அத்துமீறல் வழக்குகள் தொடரப்பட்டன. இதனைக் கண்டித்து அவ்வாண்டு யூன் மாதத்தில் மலையகத் தொழிலாளர் பெருந்திரளாக வேலைநிறுத்தஞ் செய்தனர். கூலிக்காகவன்றிக் குடியிருப்பின் பேரால் எழுந்த இப்போராட்டம், தொழிற்சங்க வரலாற்றில் இதுகாறும் பெற்றதினும் கூடிய கவனத்துக்குரியது. இரண்டாண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அத்தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். காம்பராவின் கதவு மறுக்கப்பட்டவருக்கு நாட்டின் கதவும் மறுக்கப்பட்டது.

தோட்டக் குடியிருப்பை விட்டு நீங்காமைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட செல்வநாயகம் என்பவரின் வழக்கு 1950இற் கோமறைக் கழகம் வரை சென்றது. தமக்குரிமை உண்டு என்னும் நேர்மையான நம்பிக்கையோடு ஒருவர் செய்யும் செயல், அதனால் இன்னொருவருக்குத் தொல்லை விளையும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால் மட்டும் குற்றமாகிவிடாது என அக்கழகம் தீர்த்தது. உரிமைக் கோரிக்கை சட்டத்தில் வலுவற்றதாயினும் இது பொருந்தும். இத்தீர்ப்புத் தொழிலாளிக்கு வீட்டின்மீது உரிமை எதனையும் வழங்கவில்லை. எனினும் காம்பராவில் தங்கியிருப்பவரின் எண்ணம் தன் இல்லத்தில் வாழ்தலாக இருக்கலாம் என்பதை நீதிமன்றம் காணும்படி செய்தது.

சட்டமன்றத்தின் தலையீடு 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் நிகழ்ந்தது. 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுட் செல்லும் உரிமையை அளித்தது. தொழிலாளியின் சங்கப் பிரதிநிதி தொழிலாளியைச் சந்திப்பதற்கே நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றவேண்டியிருந்தது என்னும் உண்மை, அதற்கு முன் நிலவிய நிலையை எவ்விளக்கத்தினும் நன்கு உணர்த்தும். அடுத்து, 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம், நீதிமன்றக் கட்டளையின்றித் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒருவரை வெளியேற்றலாகாதென விதித்தது. உடைமையாளர் கதவைத் திறக்குமுன் பொது அதிகாரியின் முன்செல்லவேண்டும் என்று பவுலுசு எழுதிய விதி, ஏறத்தாழ ஆயிரத்து எழுநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து லயத்தின் வாசலை அடைந்தது.

பழுதுபார்த்தல் பற்றிய வினா அதன்பின்னும் தீரவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. சொந்தக்காரர் அரசு, நடத்துபவர் கம்பனி, வாழ்பவர் தொழிலாளி என்னும் மும்முனை உறவில், கூரையை யார் மாற்றுவதென்பது ஒருவர் மற்றவரைச் சுட்டும் வினாவாயிற்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே அத்தடையை நீக்கியது. முற்காலத்தில் எவரும் கேளாமல் நுழையக்கூடியதாயிருந்த காம்பராவுக்குள், திருத்தவேண்டியபோது நுழைய எவருமில்லை. 2015க்குப் பின்னர் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகளும் உறுதிகளும் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டமை இவ்விரு குறைகளுக்கும் ஒருங்கே விடைகாணும் முயற்சியாகும். எனினும் லயங்களில் வாழ்வோர் இன்னும் பலர்.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். வாடகை வீட்டினுள் உடைமையாளர் நுழைதல் என்னும் செயல் தன்னளவில் நல்லதோ தீயதோ அன்று. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்பவருக்குத் திருத்துபவரின் வருகை வேண்டியதேயாகும். அவ்வருகை உண்மையான தேவையால் எழுந்ததா, முன்னறிவித்துச் செய்யப்பட்டதா, தகராறு ஏற்படின் இருவருக்கும் பொதுவான ஒருவர் முன் வைக்கப்படக்கூடியதா என்பனவே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றன. உரோமச் சட்டவறிஞர் சொத்துடையோரின் நலன்கருதி வகுத்த இவ்வளவுகோல்கள், பிற்காலத்தில் சொத்தில்லாதோரின் பாதுகாவலாகவும் பயன்படத்தக்கனவாயின. அவ்வாறு பயன்படுவதற்கு, குடியிருப்பவர் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக ஏற்கப்படுதல் முன்நிபந்தனையாயிற்று.

மலையகத்தில் நூறாண்டுக்கு மேலாக மறுக்கப்பட்டது இம்முன்நிபந்தனையேயாகும். வாடகை வாங்காமை அம்மறுப்பின் கருவியாயிருந்தது. 1946இன் வேலைநிறுத்தமும் அதன்பின் வந்த வழக்குகளும் சட்டங்களும் அதனைப் படிப்படியாக உடைத்தன. இவ்வரலாறு பெரும்பாலும் கூலியின் வரலாறாகவும் குடியுரிமையின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. தோட்ட நிர்வாகப் பதிவுகளையும் தொழிற்சங்க முறைப்பாடுகளையும் லயங்களில் வாழ்ந்த முதியோரின் நினைவுகளையும் ஒருங்கே தொகுத்து, காம்பராவின் வரலாறாகவும் அதனை எழுதுதல் வேண்டும். பகலெல்லாம் மலையிற் கொழுந்தெடுத்துவிட்டு மாலையில் திரும்பும் ஒரு பெண், தான் விட்டுச்சென்றவாறே தன் கதவு இருப்பதைக் காண்பாளா என்பது அவ்வரலாறு விடைகூறவேண்டிய வினாக்களுள் ஒன்றாகும்.